செல்லும் செல்லாது

வங்கியில் நான் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் ஒரே ஒரு லத்தீன் வினைச்சொல்லைப் பல வேஷங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கரண்ட் அக்கவுண்ட், கரன்சி செஸ்ட், ரெக்கரிங் டெபாசிட், கன்கரண்ட் ஆடிட். பிற்பகலில் உறைகளோடு வந்து கையெழுத்துக் கேட்கும் கூரியர் பையன். கணினித் திரையில் அடுத்த எண்ணுக்காகக் கண் சிமிட்டி நிற்கும் கர்சர். எல்லாம் 'குர்ரெரே', அதாவது ஓடுதல் என்ற ஒன்றின் வாரிசுகள். இவற்றில் எனக்கு இங்கே வேண்டியது 'கரண்ட்' மட்டும். நிகழ்காலத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் இருக்கும் சொற்களில் வெகு சாதாரணமானது அது. தமிழ்நாட்டின் தெருக்களில் அதற்கு ஒரே அர்த்தம்தான், மின்சாரம். ஆனால் நம் இலக்கியப் பேச்சில் அது தன் பழைய அர்த்தத்தோடு தனியாக நுழைந்துவிட்டது. ஒரு கவிதைத் தொகுப்பைப் பற்றி "நல்லாத்தான் இருக்கு, ஆனா கரண்டா இல்லை" என்று சொல்வது இப்போது சகஜமாகிவிட்டது. கிராமத்தில் யாராவது கேட்டால் மின்வெட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். நாம் அப்படி நினைப்பதில்லை, தலையசைத்துவிடுகிறோம். அந்த வாக்கியத்தில் 'ஆனா' என்பது செய்யும் வேலைதான் என்னை உறுத்துகிறது. நன்றாக இருப்பது என்ற குணத்தை, கரண்டாக இருப்பது என்ற இன்னொரு குணம் தள்ளுபடி செய்துவிடுகிறது. அந்த அதிகாரம் இந்தச் சொல்லுக்கு எங்கிருந்து வந்தது?

லத்தீன் வினை பழைய பிரெஞ்சுக்குப் போய், 'ஓடுகிற' என்ற எச்ச வடிவில் 1300ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோது அதன் பொருள் ஓடுவது, பாய்வது என்பதுதான். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் பெயர்ச்சொல்லாகி நீரோட்டத்தைக் குறித்தது. பிறகு காலத்தோடு ஒட்டிக்கொண்டது: ஓடிக்கொண்டிருக்கும் மாதம், ஓடிக்கொண்டிருக்கும் வருஷம். பலரும் ஒப்புக்கொண்ட கருத்துக்கும், பலரும் கைமாற்றிக்கொள்ளும் நாணயத்துக்கும் அடைமொழியாயிற்று. ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தில் உரைகல்லில் தேய்த்துப் பார்க்க வேண்டிய தங்கத்துக்கு இந்த அடைமொழி வருகிறது. அங்கே அதன் அர்த்தம் அசல், போலிக்கு எதிர்ப்பதம். இந்தப் படிகளைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓடுவது முதல் படி. ஓடுவதால் எல்லோரும் வாங்கிக்கொள்வது இரண்டாம் படி. எல்லோரும் வாங்கிக்கொள்வதால் அசலானது என்பது மூன்றாம் படி. முதல் இரண்டும் வர்ணனை. மூன்றாவது தீர்ப்பு. வர்ணனையிலிருந்து தீர்ப்புக்கு நழுவிய இந்த நழுவலைச் சொல் நானூறு வருஷங்களுக்கும் மேலாகத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறது. நாம் அதை வாயில் எடுக்கும்போது நழுவலும் கூடவே வந்துவிடுகிறது.

ஆங்கிலம் நிகழ்காலத்தை ஓட்டமாக மட்டும் பார்த்ததாகவும் சொல்ல முடியாது. பழைய வர்த்தகக் கடிதங்களில் தேதிக்குப் பக்கத்தில் 'இன்ஸ்ட்.' என்று ஒரு சுருக்கம் இருக்கும். 'இன்ஸ்டண்ட்' என்பதன் குறுக்கம். இந்த மாதம் என்று பொருள். போன மாதத்துக்கு 'அல்ட்.', வரும் மாதத்துக்கு 'பிராக்ஸ்.'. எங்கள் தலைமுறை குமாஸ்தாக்கள் இவற்றை எழுதுவதில்லை. பழைய கோப்புகளைப் புரட்டும்போது கண்ணில் படுவதோடு சரி. 'இன்ஸ்டண்ட்' லத்தீனில் மேலே வந்து நிற்பது, நெருக்கி நிற்பது. அதே மாதத்தைப் பிரெஞ்சுக்காரன் தன் கடிதத்தில் 'குரான்', ஓடுகிறது என்றான். ஒருவனுக்கு இந்த மாதம் முன்னால் நின்று அவசரப்படுத்துகிறது. இன்னொருவனுக்கு அது பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நம் பத்திர எழுத்தர்கள் இந்த இடத்தில் 'நாளது மாதம்' என்று எழுதினார்கள். அது நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. நாள் என்று மட்டும் சொல்லி அமைதியாக இருந்துவிட்டது.

ஓடுவதுதான் அசல் என்ற நம்பிக்கைக்கு மிகப் பெரிய அடி விழுந்தது இங்கிலாந்தில், 1690களில். அப்போது கைமாறிக்கொண்டிருந்த வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை பழைய முறையில் சம்மட்டியால் அடித்துச் செய்தவை. அவற்றின் விளிம்பு சீராக இராது. கத்தரிக்கோலால் ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கி வெள்ளியை எடுத்துக்கொண்டு, மீதியை முழுக் காசாகவே தள்ளிவிட முடிந்தது. 1662 முதல் இயந்திரத்தில் அடித்த, விளிம்பில் எழுத்தோ கோடோ பதித்த நல்ல காசுகளும் வந்துகொண்டிருந்தன. ஆனால் அவை சந்தையில் தென்படவில்லை. கிடைத்தவன் பெட்டியில் வைத்துப் பூட்டினான், அல்லது உருக்கி வெளிநாட்டுக்கு விற்றான். நறுக்கிய காசு மட்டும் ஓடியது. 1695இல் கருவூலச் செயலர் வில்லியம் லௌண்டஸ் நிலைமையை ஆராய்ந்தபோது, வரியாக வந்த காசுகளின் எடை இருக்க வேண்டியதில் சுமார் பாதிதான் இருந்தது. காசின் வெள்ளி அளவைக் குறைத்துவிடலாம் என்பது லௌண்டஸின் யோசனை. தத்துவவாதி ஜான் லாக் அதை எதிர்த்து எழுதினார்: நாணயத்தின் மேல் அரசன் போட்ட முத்திரை எடைக்குச் சாட்சி, முத்திரையே எடை ஆகிவிடாது. லாக்கின் கட்சி வென்றது. 1696 மே 4க்குப் பிறகு நறுக்கிய காசு வரிக்கு வாங்கப்படாது என்று பார்லிமெண்ட் விதித்தது. அந்த வருஷமே ஐசக் நியூட்டன் நாணயசாலைக்கு அதிகாரியாக வந்தார். நஷ்டத்தை ஈடுகட்ட ஜன்னல்களுக்கு வரி போட்டார்கள். பழைய காசு நின்றது, புதிய காசு போதிய அளவு வரவில்லை. ஜூன் மாதத்தில் ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில், சந்தையில் அன்றாடச் சாமான் வாங்கக்கூடக் கரண்ட் பணம் இல்லை என்று குறித்துவைக்கிறார். சரியாக இந்தச் சொல்லைத்தான் போடுகிறார். 'கரன்சி' என்ற சொல் பணப்புழக்கத்தைக் குறிக்கத் தொடங்கியதும் இதே நூற்றாண்டின் இறுதியில்தான். பணம் ஓடாமல் நின்றபோதுதான் ஓட்டத்துக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது போலிருக்கிறது.

இந்த விவகாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு விஷயம். நறுக்கிய காசு ஏன் அவ்வளவு வேகமாக ஓடியது? அதைக் கையில் வைத்துக்கொள்ள ஒருவரும் விரும்பவில்லை, அதனால் ஓடியது. முழுக் காசு ஏன் ஓடவில்லை? அதை விட யாருக்கும் மனம் வரவில்லை. மோசமான பணம் நல்ல பணத்தைத் துரத்தும் என்று கிரெஷாமின் பெயரால் பாடப்புத்தகங்கள் சொல்லும் விதி இதுதான். அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. கவுண்டரில் ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும். கல்யாணத்துக்கு மொய் வைக்க வேண்டும், புது நோட்டாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் மீதிப் புது நோட்டைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். ஓரம் கிழிந்தது, எண்ணெய் பட்டது, பேனாவால் கணக்கு எழுதியது, இவற்றைத்தான் முதலில் பஸ் கண்டக்டரிடமும் டீக்கடையிலும் தள்ளுகிறார்கள். ஒரு நோட்டு எவ்வளவு அழுக்காகிறதோ அவ்வளவு சுறுசுறுப்பாகிறது. அதிகக் கைகள் பட்ட நோட்டு அதிகக் கைகளால் விரும்பப்பட்டது என்று யாராவது முடிவுக்கு வந்தால் அவரைப் பார்த்துச் சிரிப்போம். இலக்கியத்தில் அந்த முடிவுக்கு நாம் தினமும் வருகிறோம்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்போது புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் அவை 86 சதவீதம். அடுத்த ஐம்பது நாட்களில் ஒரு வங்கிக் குமாஸ்தா எத்தனை முறை 'செல்லாது' என்ற சொல்லைச் சொல்லியிருப்பான் என்று கணக்குப் போட முடியாது. டிசம்பர் 30 கடைசி நாள். பிற்பாடு ரிசர்வ் வங்கியே வெளியிட்ட கணக்குப்படி அந்த நோட்டுகளில் 99 சதவீதத்துக்கு மேல் திரும்பி வந்துவிட்டன. வராமல் போன அந்தச் சிறு பின்னத்தில் ஏழு நோட்டுகள் எனக்குத் தெரியும். அப்போது நான் தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தேன். 2017 பிப்ரவரியில் ஒரு வயதான அம்மாள் வெற்றிலைப் பையிலிருந்து மடித்த ஏழு ஆயிரம் ரூபாய் நோட்டுகளை எடுத்து வைத்தார். அரிசிப் பானைக்கு அடியில் இருந்ததாம். தன் காரியத்துக்கு என்று வைத்ததாம். எந்தக் காரியம் என்று கேட்க வேண்டியதில்லை. "ஆச்சி, இது இப்பச் செல்லாது" என்றேன். அவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழிசல் இல்லை, கறை இல்லை. காந்தி படம் அப்படியே இருந்தது. "செல்லாதுன்னா, ஏ அய்யா, இது எங்கேயும் போவாதா? இங்கேயேதான் இருக்குமா?" என்று கேட்டார். கோபம் எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நோட்டுகளை எடுத்து மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். நான் அவருக்குக் கொடுத்த பதில் விதிப்படி சரியானது. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'செல்லாது' என்ற சொல்லை நான் இரண்டு மாதங்களாகத் தீர்ப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதை வினைச்சொல்லாகக் காதில் வாங்கினார். செல்லாதது எங்கேயும் போகாது, இருக்கும்.

தமிழ் இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைவிடப் பொறுமையான பாஷை. ஆங்கிலத்தில் பணமும் காலமும் ஓடுகின்றன. நம்மிடம் பணம் செல்கிறது, காலம் நடக்கிறது: நடப்பு ஆண்டு, நாட்டு நடப்பு, நடப்புக் கணக்கு. ஓடும் கணக்கை மொழிபெயர்க்க வந்தவர் அதை நடக்க வைத்துவிட்டார். சங்கப் பாடல்களில் 'செலவு' என்றால் பயணம். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் போகாமல் நிற்பதைச் செலவழுங்குதல் என்று பாலைத்திணையில் ஒரு துறையாகவே வைத்திருக்கிறார்கள். அந்தச் செலவு இன்று பணம் கையை விட்டுப் போவதற்குப் பெயர். உரைநடை, நடை என்று எழுத்தின் தன்மைக்கே நடக்கும் சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் செல்லாக்காசு என்று மனிதனைத் திட்டவும் இதே வேர் உதவுகிறது. ஆக, நாமும் நழுவாமல் இல்லை. நகர்வதைக் குறிக்க வந்த வினை நம்மிடமும் மதிப்பைக் குறிக்கப் போய்விட்டது. ஒரே ஆறுதல், பாட்டியின் காதில் விழுந்ததைப் போல, வேர்ப் பொருள் இன்னும் மேலேயே கிடக்கிறது. கொஞ்சம் கவனித்துக் கேட்டால் கேட்கும். 'கரண்ட்' என்று சொல்லும்போது நமக்கு எதுவும் கேட்பதில்லை. அந்நியச் சொல்லின் வசதியே அதுதான்.

செல்வதும் ஓடுவதும் வேறுவேறு என்பதைக் காட்ட இன்னொரு நோட்டையும் சொல்லலாம். 2023 மே 19 அன்று 2000 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. அது சட்டப்படி செல்லும் என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. செல்லும், ஆனால் ஓடாது. மறுநாளே கடைக்காரர்கள் வாங்கத் தயங்கினார்கள். மதிப்பு வேறு, ஓட்டம் வேறு என்று ஒரு நிதி நிறுவனம் ஒரே காகிதத்தில் சொல்லிவிட்டது. விமர்சகர்கள் அந்த அளவுக்குத் தெளிவாகச் சொல்லி நான் அதிகம் பார்த்ததில்லை.

தெருவில் வழங்கும் கரண்டையும் விட்டுவிட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டின் நடுவில், மின்சாரம் ஒருவிதத் திரவம் என்று நம்பிய நாட்களில், அதன் பாய்ச்சலுக்கு ஆற்று நீரோட்டத்தின் பெயரைச் சூட்டினார்கள். நம் பள்ளிப் புத்தகம் அதை மின்னோட்டம் என்கிறது. ஆனால் கம்பிக்குள் நடப்பது என்ன? நேர்மின்னோட்டத்தில்கூட, வீட்டுக் கம்பி போன்ற செப்புக் கம்பியில் எலெக்ட்ரான்கள் விநாடிக்கு ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாமல் ஊர்கின்றன. நம் வீடுகளுக்கு வருவதோ மாறுமின்னோட்டம். விநாடிக்கு 50 சுற்று. அதில் எலெக்ட்ரான் எங்கேயும் போவதில்லை. இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அதிர்கிறது. விளக்கு எரிகிறது, சந்தேகமில்லை. ஆனால் ஓடி வந்து சேர்ந்ததாக நாம் நினைக்கும் எதுவும் ஓடி வரவில்லை. நம்முடைய சமகால இலக்கிய விவாதங்கள் சிலவற்றைப் படிக்கும்போது எனக்கு இந்த 50 சுற்றுத்தான் ஞாபகம் வருகிறது. பலத்த ஓட்டம் என்று தோற்றம். பார்த்தால் அதே ஆறேழு பெயர்கள், அதே நாலைந்து கலைச்சொற்கள், இருந்த இடத்தில் முன்னும் பின்னும்.

பெயர்களை விட்டுவிடுவோம், சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மதிப்புரையில் அதிக வேகமாக ஓடும் சொற்கள் எவை? எழுதுகிறவன் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பாத சொற்கள். இன்னொருவரிடமிருந்து வாங்கி, சோதிக்காமல், அடுத்தவரிடம் தள்ளிவிடும் சொற்கள். உண்மைகள் எல்லாம் உருவம் தேய்ந்து வெறும் உலோகமாகிப்போன காசுகள் என்ற பொருள்பட நீட்சே 1873இல் எழுதினார். தேய்ந்ததோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தேய்ந்ததுதான் முந்திக்கொண்டு ஓடுகிறது. ஒரு கவிஞன் முழு எடையோடு ஒரு சொல்லைக் கண்டுபிடித்தால் அது உடனே புழக்கத்துக்கு வராது. படித்தவன் அதைப் பெட்டியில் வைத்துக்கொள்கிறான். சந்தையில் அது தென்படவில்லை என்பதை வைத்து அது அடிக்கப்படவே இல்லை என்று சொல்வது 1695இல் லண்டன் தெருவில் நின்றுகொண்டு, இந்த நாட்டில் நல்ல காசே கிடையாது என்று சொல்வதைப் போல.

நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து' 1959 முதல் 1970 வரை வந்தது. புழக்கம் என்ற அளவுகோலால் பார்த்தால் அது ஓடிய பத்திரிகை இல்லை. அந்தக் காலத்தில் ஓடியவை எவை என்று வாரப் பத்திரிகைகளின் பழைய கட்டுகளைப் பார்த்தால் தெரியும். செல்லப்பா புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார். தானாக ஓடாததை மனிதன் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. 1962இல் அவர் தொகுத்த 'புதுக்குரல்கள்' எத்தனை கைகளுக்குப் போயிருக்கும்? இன்றைக்கு நாம் எழுதும் கவிதை அதன் மேல்தான் நிற்கிறது. நிற்கிறது என்ற சொல்லை வேண்டுமென்றே போடுகிறேன்.

நிகழ்காலத்துக்கு ஆங்கிலத்தில் இன்னொரு சொல் உண்டு, 'பிரசெண்ட்'. லத்தீனில் அது முன்னால் இருப்பது. பள்ளியில் பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று சொன்ன சொல். இதில் ஓட்டம் கிடையாது, சந்தை கிடையாது, அங்கீகாரம் கிடையாது. ஒருவர் எதிரில் ஒருவர் இருப்பது மட்டும் உண்டு. தமிழ் இலக்கணத்தில் இதற்கு மிக நெருங்கிய சொல் காலத்தைப் பற்றியதே இல்லை. நீ, நீர், நீங்கள் என்ற இடத்துக்கு நம் இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் அது: முன்னிலை. முன்னால் நிற்பவர். நிகழ்காலத்தை ஓட்டமாகப் பார்க்காமல் முன்னிலையாகப் பார்த்தால் கேள்வியே மாறிவிடுகிறது. இந்தக் கவிதை இப்போது ஓடுகிறதா என்று கேட்க வேண்டியதில்லை. இது என் முன்னால் நின்று என்னை 'நீ' என்று கூப்பிடுகிறதா என்று கேட்டால் போதும்.

இதற்கு நம் பாஷையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. வருகிறேன், போகிறான் என்று நாம் நிகழ்காலத்தைக் காட்டும் 'கிறு', அதன் அண்ணன் 'கின்று', இவற்றை ஆநின்று என்பதோடு சேர்த்து நிகழ்கால இடைநிலைகளாக வகுத்துச் சொல்வது 13ஆம் நூற்றாண்டு நன்னூல். சங்கப் பாடல்களில் இவை மிக அரிது. 'செய்யும்' என்ற வாய்பாடே அங்கே நிகழ்வதையும் வரப்போவதையும் சேர்த்துச் சுமக்கிறது. நிகழ்காலத்துக்கென்று தனி முத்திரை ஏறக்குறைய இல்லாத ஒரு பாஷையில் அந்தக் கவிஞர்கள் எழுதினார்கள். அகப்பாடல்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் யாரோ ஒருவரை விளித்துப் பேசுவது: தோழியை, தாயை, பாகனை, சில சமயம் தன் நெஞ்சையே. எதிரில் ஆள் இருக்கிறது; பேச்சு இருக்கிறது; காலம் அந்த இரண்டுக்கும் நடுவில் தானாக உண்டாகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகு நான் படிக்கும்போது அந்த எதிர் ஆளின் இடத்தில் என்னை நிறுத்திவிடுகிறது. இவை கரண்ட் இல்லை. கவுண்டருக்கு வந்தால் செல்லாது என்று சொல்லி நானே திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் எங்கேயும் போகவில்லை, இங்கேயேதான் இருக்கின்றன.

புதிதாக எழுதுகிறவர்களைப் பார்த்துப் பழையதைப் படி என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த உபதேசமும் கைமாறிக் கைமாறி அழுக்கான நோட்டுதான். நேற்று அச்சான கவிதையும் முன்னிலையில் நிற்கலாம். இரண்டாயிரம் வருஷத்தியதும் வெறும் பெருமையாக ஓடிக்கொண்டிருக்கலாம். நான் கேட்பது சின்ன விஷயம். ஒரு தொகுப்பு கையில் வந்தால் அது நம்மை என்ன செய்தது என்று சொல்லுவோம். எடை எவ்வளவு, எங்கே நறுக்கியிருக்கிறது என்று ஓரத்தைத் தடவிப் பார்த்துச் சொல்லுவோம். செல்லும், செல்லாது என்று முத்திரை குத்தும் வேலையை வங்கிக்கு விட்டுவிடலாம். அதற்கு எனக்கு மாதாமாதம் சம்பளம் தருகிறார்கள்.